அறுநூறு லிட்டர் தண்ணீருக்கு எந்த மீன்?

திருச்சியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் ஒரு ஐபிசி டேங்க் நிற்கிறது. கம்பிக்கூட்டுக்குள் இருக்குமே, அந்த ஆயிரம் லிட்டர் வெள்ளை டேங்க். மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் வளர்க்கிற அக்வாபோனிக்ஸ் முறைக்காகப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். முன்பு அதில் வந்தது குளுக்கோஸ் பாகு என்று லேபிளில் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். ரசாயனம் வந்த டேங்கை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு வைக்க மனசு வராது.

மேலே மூன்றில் ஒரு பங்கை அறுத்து, கவிழ்த்து வைத்து, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பினால் அது செடித் தொட்டி. கீழே மிச்சமிருப்பதில் சுமார் 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது மீன் தொட்டி. பம்ப் மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியா, மீன் கழிவில் இருக்கும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். செடித் தொட்டி நிறைந்ததும் தண்ணீரைத் தானாக இழுத்து இறக்குகிற பெல் சைஃபன் குழாய் வழியாக, தண்ணீர் கடகடவென்று மீனிடமே திரும்பி விழும்.

முதலில் மொட்டைமாடியில்தான் வைப்பதாக இருந்தேன். சிவில் படித்த மச்சான் வந்து பார்த்தான். "மாமா, தண்ணியே அறுநூறு கிலோ. ஜல்லி நானூறு கிலோவுக்கு மேல வரும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு டன்னை ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டான். அதோடு தரைக்கு வந்துவிட்டது. தொட்டி கட்டுவது பற்றி இவ்வளவு போதும். அறுப்பதும் குழாய் பொருத்துவதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. எந்த மீனை விடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

முதல் தவறு ஆடி மாதம். வீட்டில் நாங்கள் சாப்பிடுகிற ஆற்று மீன் கட்லாவும் ரோகுவும். அதையே வளர்த்தால் என்ன என்று ஒரு பண்ணையிலிருந்து மூன்று அங்குலக் குஞ்சுகள் அறுபது வாங்கி வந்தேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அன்று இரவே நான்கு துள்ளி வெளியே விழுந்துவிட்டன. காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தன. ஐந்தாம் நாள் மிச்சமிருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. பத்தாம் நாள் ஏழு மட்டும் இருந்தன.

அதற்குப் பிறகுதான் தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட் வாங்கினேன். அமோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். எங்கள் போர் தண்ணீரின் பிஎச், அதாவது அமில காரத் தன்மையைக் காட்டும் எண், 8.2. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கிட் காட்டுகிற அமோனியா முழுவதும் விஷம் இல்லை. அதில் ஒரு பங்குதான் மீனின் செவுளைத் தாக்குகிற வடிவில் இருக்கும், அந்தப் பங்கு எவ்வளவு என்பது பிஎச்சையும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிஎச் 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் போகும். 8.2இல் பதினொன்று. பிஎச் குறைந்த தண்ணீர் உள்ள ஊர்க்காரர் தப்பித்திருக்கக்கூடிய அதே 2 பிபிஎம், என் தொட்டியில் மீனைக் கொன்றது.

பாக்டீரியா குடியேறாத தொட்டியில் மீனை விட்டது என் தவறு. தண்ணீர் நன்றாக இருந்திருந்தாலும் கட்லா எனக்குச் சரிவந்திருக்காது என்பது பிறகுதான் புரிந்தது. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன். ரோகு நடுத் தண்ணீரில் மேயும், மிர்கால் அடியில் மேயும். இந்த மூன்றையும் ஒரே குளத்தில் விட்டால் ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டி இல்லை, குளத்தின் எல்லா மட்டமும் பயன்படும். அது அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்குக் குளம் வேண்டும். ஜல்லி வடிகட்டிய தெளிந்த தண்ணீரில், நான்கடித் தொட்டியில், கட்லாவுக்கு மேயவும் ஒன்றுமில்லை, ஓடவும் இடமில்லை.

மிஞ்சிய ஏழையும் தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக்குட்டையில் விட்டுவிட்டு, தொட்டியை மீன் இல்லாமலேயே ஓட்டினேன். தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுக விட்டேன். அதிலிருந்து அமோனியா வரும். மீன் வளர்க்கும் நண்பரின் பழைய ஃபில்டரிலிருந்து பாக்டீரியா ஒட்டியிருக்கும் கல்லை ஒரு கைப்பிடி வாங்கி ஜல்லிக்குள் புதைத்தேன். இரண்டாவது வாரம் அமோனியா ஏறி இறங்கியது, மூன்றாவது வாரம் நைட்ரைட் ஏறியது, ஐந்தாவது வாரக் கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் நின்றது. அந்த ஐந்து வாரம் முழுவதும் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் யாராவது நடுவில் மீன் விடப் போனால் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஐந்து வாரத்தில் கணக்குப் போட்டேன். முன்பு நான் தொட்டியின் அளவிலிருந்து ஆரம்பித்திருந்தேன். செடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு அக்வாபோனிக்ஸ் கையேட்டில் ஒரு நல்ல அளவு இருக்கிறது. கீரை வகை என்றால் ஒரு சதுர மீட்டர் செடிப்பரப்புக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம், காய்க்கிற செடி என்றால் 50 முதல் 80 கிராம். என் ஜல்லித் தொட்டி 1.2 சதுர மீட்டர். கீரைக்கு 60 கிராம் தீவனம் போதும். ஓரளவு வளர்ந்த மீன் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தின்னும் என்று வைத்தால், 60 கிராம் தின்ன 3 கிலோ மீன் இருந்தால் போதும். கால் கிலோ மீனாகக் கணக்கிட்டால் பன்னிரண்டு! நான் அறுபது விட்டிருந்தேன்.

ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ வரை மீன் வைக்கலாம் என்றும் அதே கையேடு சொல்கிறது. அந்தக் கணக்கில் என் தொட்டி 12 கிலோ தாங்கும். ஆனால் அது பம்பும் காற்றும் நிற்காமல் ஓடுகிற தொட்டிக்கான உச்சவரம்பு. என் செடிகளால் அத்தனை மீனின் கழிவைச் செரிக்கவும் முடியாது.

எண்ணிக்கை முடிவானதும், எந்த மீன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

விரால் மேல் எனக்கு ரொம்ப ஆசை. சந்தையில் நல்ல விலை, ருசிக்கும் குறையில்லை, தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆனால் அது வேட்டை மீன். புரதம் அதிகமுள்ள தீவனம் வேண்டும், அதன் விலை கூடுதல். குஞ்சுகளில் ஒன்று கொஞ்சம் பெரிதானால் பக்கத்தில் இருப்பதை விழுங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து வைக்க இன்னொரு தொட்டி வேண்டும். கொடுவாவும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டத்திலேயே கொடுவா வளர்க்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஒரே தொட்டி வைத்திருப்பவர் முதல் முயற்சியில் தொடவேண்டிய மீன் அல்ல அது.

கெளுத்தி என்று ஒருவர் சொன்னார். "எதையும் தின்னும், எந்தத் தண்ணியிலயும் வளரும், சாகவே சாகாது" என்றார். அவர் சொன்னது நம் நாட்டுக் கெளுத்தி இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் நான் தொடமாட்டேன். ஒரு பெருமழையில் தொட்டி வழிந்து நான்கு மீன் வாய்க்காலுக்குப் போனால் போதும். உய்யக்கொண்டான் வாய்க்கால் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். அதில் இருக்கும் குறவைக்கும் அயிரைக்கும் கெண்டைக்கும் நான் எமனாக விரும்பவில்லை. விற்பவர்கள் வெறுமனே 'கெளுத்தி' என்றுதான் சொல்வார்கள், அதனால் கேட்டுத் தெளிந்து வாங்குங்கள்.

கொய், கோல்டுஃபிஷ் இரண்டும் மீன் சாப்பிடாத வீடுகளுக்கு நல்ல வழி. கீரைக்கு வேண்டிய உரத்தை அவையும் கொடுக்கும், பிள்ளைகளுக்குப் பார்க்க அழகு. சென்னை கொளத்தூர் பக்கம் போனால் தேவையான அளவில் கிடைக்கும். கொய் இரண்டடி வரை வளரக்கூடியது என்பதை மட்டும் மனதில் வைத்து நாலைந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கப்பி என்கிற குட்டி மீனை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை, அது எல்லாத் தொட்டியிலும் இருக்க வேண்டியது. பக்கத்தில் தண்ணீரை ஆற வைக்கிற டிரம்மில் பத்து கப்பி விட்டேன், கொசுப்புழு ஒன்றுகூட இல்லை.

கடைசியில் வந்து நின்றது ஜிலேபிக் கெண்டை. திலாப்பியா. உலகம் முழுக்க அக்வாபோனிக்ஸ் என்றால் முதலில் இந்த மீனைத்தான் சொல்கிறார்கள். சூடு தாங்கும், நெருக்கம் தாங்கும், தண்ணீரில் சின்னச் சின்னக் கோளாறு வந்தாலும் தாங்கும், குறைந்த புரதத் தீவனத்திலும் வளரும். நம் ஊரில் இதற்குக் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியாதான் நம் ஏரி குளமெல்லாம் பரவிக் கிடப்பது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். மூன்று நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கம் ஆரம்பித்துவிடும். குளம் குஞ்சுகளால் நிறைந்து எதுவும் உள்ளங்கையைத் தாண்டி வளராது. கிஃப்ட் திலாப்பியா வேறு. 1988இல் பிலிப்பைன்ஸில் ஆரம்பித்த இனமேம்பாட்டுத் திட்டத்திலிருந்து வந்தது, வேகமாக வளரும். அதிலும் ஆண் குஞ்சுகளாகவே வாங்க வேண்டும். 'மோனோசெக்ஸ்' என்று கேட்டால் தருவார்கள். இனப்பெருக்கத்தில் சக்தி போகாமல் உடம்பு போடும். நம் நாட்டில் திலாப்பியா வளர்க்க அரசு விதிமுறைகள் இருக்கின்றன. அனுமதி பெற்ற பொரிப்பகத்திலிருந்தே வாங்க வேண்டும்.

ஐப்பசியில் பதினைந்து குஞ்சுகள் வாங்கினேன். இந்த முறை பையை அவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியிலேயே மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, அப்புறம்தான் விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மார்கழிக் குளிரில் தீனி எடுப்பது குறைந்தது, அவ்வளவுதான். தையில் சிறுகீரையும் புதினாவும் அள்ளி அள்ளி வந்தன. ஒரு கட்டத்தில் துளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி மஞ்சளாக வந்தன. இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் இரும்பு போதாது, பிஎச் அதிகமானால் இருக்கிற இரும்பும் செடிக்குக் கிடைக்காது. செடி எடுத்துக்கொள்ளத் தோதாகச் செலேட் செய்த இரும்பைக் கொஞ்சம் கரைத்து விட்டதும் சரியானது. பூச்சிக்கு வேப்பெண்ணெய்கூட அடிக்கவில்லை. செடியில் தெளிப்பது எல்லாம் கடைசியில் மீன் வாய்க்குத்தான் போகும்.

அதே சமயம், ஒரு ஆர்வத்தில் பனையேறிக் கெண்டை பத்து வாங்கி, 200 லிட்டர் நீல டிரம்மில் தனியாக விட்டிருந்தேன். ஒரு சின்னப் பம்ப், மேலே ஒரு தட்டு ஜல்லி, அதில் வல்லாரை. பனையேறி நம் ஊர் மீன். சிறுவயதில் தாத்தா ஊர் வாய்க்காலில், மழை நாளில், ஈர மண்ணில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனியாக ஒரு உறுப்பு அதற்கு உண்டு. 1791இல் தரங்கம்பாடியில் இருந்த தால்டார்ஃப் என்கிற டேனிஷ்காரர், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த இந்த மீனைப் பிடித்ததாக லண்டனுக்கு எழுதி அனுப்பினார். அது உண்மையில் மரம் ஏறுமா என்பதில் பின்னால் வந்தவர்களுக்குச் சந்தேகம் உண்டு. பெயர் நின்றுவிட்டது.

சித்திரை மாதம். பகலில் 40 டிகிரியைத் தாண்டிய நாள். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் எனக்கு விழிப்பு வந்தது. இன்வெர்ட்டரும் அந்த வாரம் பழுது. வந்துவிடும் என்று படுத்திருந்தேன். வரவில்லை. மூன்றே கால் மணிக்கு டார்ச்சோடு பின்னால் போனால், பதினைந்து மீனும் மேலே வந்து தண்ணீர்ப் பரப்பில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. சூடு ஏற ஏறத் தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 33 டிகிரியில் 7ஐ ஒட்டி வந்துவிடும். சூட்டில் மீனின் தேவையோ கூடும். ஜல்லியில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். வரவு குறைந்து செலவு கூடிய நேரத்தில் பம்பும் நின்றுவிட்டது.

மகளை எழுப்பினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு தலை உயரத்திலிருந்து ஊற்றினோம். தண்ணீர் விழுந்து கலங்கும்போது காற்று கரையும். கை மாற்றி மாற்றி ஊற்றினோம். "அப்பா, அந்தப் பெருசு சாயுது" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான்கே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. நான்கு மீன் போய்விட்டன. நான்குமே பெரியவை. பெரிய உடம்புக்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும்.

விடிந்த பிறகுதான் டிரம் ஞாபகம் வந்தது. மூடியைத் திறந்தேன். பத்துப் பனையேறியும் ஒன்றுமே நடக்காதது போல் இருந்தன. ஒவ்வொன்றாக மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போயின. ராத்திரி முழுக்க அவற்றுக்கும் பம்ப் இல்லை, சொம்பும் இல்லை. அந்தக் காலைதான் என் தேர்வு மாறியது. அதுவரை எந்த மீன் வேகமாக வளரும், எது ருசி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொட்டிக்கு வரக்கூடிய மிக மோசமான மூன்று மணி நேரத்தில் எது உயிரோடு இருக்கும் என்று பார்க்கவே இல்லை.

அன்றே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கினேன். கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்கும் வகை. திலாப்பியா வளர்க்கப் போகிறவர் மீன் வாங்கும் முன்பே இதை வாங்கிவிட வேண்டும். மிச்சமிருந்த பதினொன்றையும் ஆனியில் பிடித்தோம். 250 முதல் 300 கிராம் வரை இருந்தன. சமைப்பதற்கு மூன்று நாள் முன்பு, தீனி போடாமல், காற்று ஓடுகிற தெளிந்த தண்ணீரில் தனியாக விட்டேன். ஜிலேபியின் சேற்று வாடை அதில் போய்விடும். குழம்பில் வாடை துளியும் இல்லை. அம்மா மட்டும் தொடவில்லை. "தெனம் என் கையால தீனி போட்டதை நானே எப்படிப்பா திங்கறது?" என்றார். குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார் என்பதையும் மீனைத் தேர்ந்தெடுக்கும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

ஆடியில் பெரிய தொட்டிக்கு நாற்பது பனையேறி வாங்கினேன். பனையேறி 100 கிராமைத் தொடுவதே பெரிது, அதனால்தான் எண்ணிக்கை கூடுதல். முழுதாக வளர்ந்தாலும் மொத்தம் 4 கிலோவுக்குள் நிற்கும். நான் பார்த்த வரையில் கவனிக்க வேண்டியவை சில. முதுகிலும் செவுள் மூடியிலும் முள் இருக்கிறது, வெறுங்கையால் பிடித்தால் கிழிக்கும். குஞ்சுப் பருவத்தில் ஒன்றையொன்று கடிக்கும், அதனால் ஒரே அளவுக் குஞ்சாகப் பார்த்து வாங்கி, பசியோடு விடாமல் மூன்று வேளை தீனி போட வேண்டும். பெண் மீன் ஆணைவிடப் பெரிதாக வளரும், திலாப்பியாவுக்கு நேர் எதிர். காற்றைச் சுவாசிக்கும் என்பதற்காகத் தண்ணீரைக் கெடவிடக் கூடாது. அமோனியா அதற்கும் விஷம்தான். அதோடு, மேலே வர வழியில்லாதபடி மூடி வைத்தால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விட வேண்டும்.

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது. தீனி குறைவு என்பதால், கீரையோடு வைத்திருந்த தக்காளி முன்போலக் காய்க்கவில்லை. இந்தத் தொட்டிக்குக் கீரையே போதும் என்று தக்காளியை எடுத்துவிட்டு முழுக்க அரைக்கீரையும் புதினாவும் வைத்துவிட்டேன்.

போன ஐப்பசி, முதல் பெருமழை இரவில் ஆறு பனையேறி வெளியே போய்விட்டன. வலை கட்டித்தான் இருந்தேன். சைஃபன் குழாய் இறங்குகிற இடத்தில் நான்கு விரல் இடைவெளி இருந்தது, அது வழியாக ஏறியிருக்கின்றன. மூன்றைத் துவைக்கிற கல்லடியில் ஈரத்தில் உயிரோடு பிடித்தேன். ஒன்றை அம்மா முருங்கை மரத்தடியில் பார்த்து, முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து விட்டார். மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. இப்போது குழாயைச் சுற்றிக் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். முப்பத்தெட்டு இருக்கின்றன. மழை வருகிற மாதிரி இருந்தால் படுக்கப் போகும் முன் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.